சுண்டுவிரலின் அடிக்கணு

தை மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு, என் வலது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தேடிப் போய், எட்டாமல் மோதிர விரலில் நின்றுவிட்டது. என் நோய் தன்னை முதன்முதலில் அறிவித்த நேரம் அது. அதை நோயென்று நான் விளங்கிக்கொள்ள மேலும் பன்னிரண்டு நாள் ஆனது.

இப்போது பங்குனி முடியப்போகிறது. மழித்த தலையில் மயிர் அரை அங்குலம் வளர்ந்துவிட்டது. ஆனாலும் இடது பக்கத்தில், காதுக்கு மேலே, விரல் நுனி பதியுமளவு இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. கோயிலிலும் கடையிலும் காண்பவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லும்போது கிழமைகள் முன்பின்னாகிவிடுகின்றன. அது எனக்குப் பிடிக்காது. ஆகவே ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த விரல் கணக்கைச் சொல்ல வேண்டும். நான் தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். வேலை பார்த்தது கண்டியிலும் அதைச் சுற்றியும். இப்போது இருப்பது தலாத்துஓயாவுக்கு மேலே, பஸ் பாதையிலிருந்து எழுபத்தொரு படி ஏறிப் போகும் வீட்டில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்துக் கதிரையில் சிவபாதம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். என் வயதுதான். முத்திரை விற்காத நேரங்களில் அவருடைய வலது கை மேசைக்கு அடியில் எதையோ செய்துகொண்டிருக்கும்.

“கைக்கு என்ன ஆச்சு, சிவபாதம்? அரிக்குதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லையப்பா. நூற்றெட்டு. காலமை சொல்ல நேரம் கிடைக்கேல்லை.”

“மேசைக்கு அடியிலயா?”

“சாமிக்கு மேசைக்கு மேலை, கீழை எண்டு இருக்கோ? கையைத் தாரும், காட்டுறன்.”

அவர் காட்டியது கைமாலை. உருத்திராக்கம் வேண்டாம், ஒரு கை போதும். மோதிர விரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்து ஒன்று. அதன் அடிக்கணு இரண்டு. அங்கிருந்து சுண்டுவிரலின் அடிக்குப் போய் மேலே ஏறினால் மூன்று, நான்கு, ஐந்து. பிறகு மோதிர விரலின் நுனி, நடுவிரலின் நுனி, சுட்டுவிரலின் நுனி. சுட்டுவிரலில் அப்படியே கீழே இறங்கினால் பத்து. நடுவிரலின் நடுக்கணுவும் அடிக்கணுவும் மிஞ்சும். அவை மேரு. மாலையின் நடுமணியைத் தாண்டக் கூடாது என்பதுபோல, அந்த இரண்டையும் தொடக் கூடாது. பத்துச் சுற்றும் மேலே எட்டும் போனால் நூற்றெட்டு.

நான் முருகனைக் கும்பிடுகிறவன் என்பதால் “ஓம் சரவணபவ” என்று தொடங்கினேன். இரண்டு வருடத்தில் சிவபாதம் மாற்றலாகிப் போய்விட்டார். விரல் கணக்கு என்னிடம் தங்கிவிட்டது.

அந்தக் காலத்து விடியற்காலைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது. ஐந்தரைக்கு, சுவரில் பலகை அடித்து அமைத்த சாமித்தட்டுக்கு முன்னால் உட்காருவேன். ஜபம் முடிந்ததும் கண்ணை மூடிப் பத்து நிமிடம் மூச்சு வந்து போவதை மட்டும் பார்த்திருப்பேன். அந்தப் பத்து நிமிடத்தின் எல்லை என் மனைவி ராணி அடுப்பில் வைக்கும் கேத்தலின் சத்தம். பிறகு படியிறங்கி பஸ். அம்பிட்டிய வளைவுகளில் கண்டிக் குளம் தெரிவதற்குள், பனிமூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னொரு நூற்றெட்டு முடிந்திருக்கும். கந்தோரில் என் முதல் வேலை திகதி முத்திரையில் நேற்றைய எண்ணைக் கழற்றி இன்றைய எண்ணைப் போடுவது. போட்டு, கொப்பியில் ஒருமுறை குத்திப் பார்ப்போம். பிறகு கடிதக் கட்டு. தட், தட் என்று முத்திரை விழும். விழும் ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஒரு சரவணபவ.

பெரிய அனுபவம் எதுவும் எனக்கு வாய்க்கவில்லை. ஒளி தெரிந்ததில்லை, ஓசை கேட்டதில்லை. கிடைத்தது ஒன்றுதான்: கந்தோர்ச் சன்னலில் கத்திக்கொண்டு வருகிற ஆளுக்குப் பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு இடைவெளி. ஓய்வு பெற்ற பிறகு அந்த இடைவெளியை வீட்டில் செலவழித்தேன்.

கைமாலை பழகி மூன்றாம் வருடத்திலிருந்து நாட்குறிப்பில் இதற்கென ஒரு பத்தி ஒதுக்கினேன். கிழமை, எண்ணிக்கை, தவறு இருந்தால் தவறு. முப்பத்தோரு வருடத்தில் அந்தப் பத்தி ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. அப்பா இறந்த அன்றும் சுடலையிலிருந்து வந்து எழுதினேன். ராணி அந்த நாட்குறிப்பைக் கொப்பு என்பாள்.

“மத்தவங்க புருசனுக்கு சின்ன வீடு இருக்கும். இவருக்குக் கொப்பு இருக்கு” என்று விருந்தாளிகளிடம் சொல்வாள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். கட்டைவிரல் வழி தவறியதும் திருப்பி வைத்து மூன்றிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் சுற்றில் மறுபடியும் தவறியது. நாட்குறிப்பில் எழுதினேன்: “108. கணக்கு இருமுறை வழுவியது. மனம் அலைகிறது.”

வியாழன் மூன்று முறை. வெள்ளி ஐந்து. சனிக்கிழமை கட்டைவிரல் தடுமாறிப் போய் நடுவிரலின் நடுக்கணுவில், மேருவில், நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தோரு வருடத்தில் செய்யாத தவறு. மறுநாள் சிவராத்திரி. ஈடு செய்வதற்கு அது நல்ல நாளாகப்பட்டது. வழக்கத்துக்கு மேல் மூன்று நூற்றெட்டு சொல்வதென்று முடிவு செய்து, அன்றிலிருந்து தினமும் அப்படியே சொன்னேன். தலை வலித்தது. விரதம் என்று நினைத்தேன். வலது காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்றது. செருப்பு பழசு என்று நினைத்தேன். விரல் மரத்தது. அதிகம் எண்ணியதால் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் ஒரே இடத்தில் போய் முடிந்தது: பக்தி குறைந்துவிட்டது, ஆகவே இன்னும் சொல்.

ஜபம் செய்கிற ஒருவர் இதை வாசித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். விரல் எட்டவில்லை என்றால் முதலில் விரலைப் பாருங்கள். மனத்தைப் பிறகு பார்க்கலாம்.

சிவராத்திரி கழிந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை காலை, பிளேன்டி, பால் விடாத தேநீர், கோப்பையோடு என் கையிலிருந்து விழுந்தது. ராணி துடைப்பத்தோடு வந்தவள் துண்டுகளைக் கூட்டாமல் என்னையே பார்த்தாள்.

“சட்டைப் பொத்தானப் பாருங்க.”

குனிந்து பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டிருந்தேன்.

“நேத்தும் இப்படித்தான் போட்டிருந்தீங்க. கையக் காட்டுங்க. இறுக்கிப் புடிங்க பாப்போம்.”

பிடித்தேன். அவள் முகம் மாறியது. கீழ் வீட்டுத் தம்பியின் முச்சக்கரவண்டியைக் கூப்பிட்டாள். எழுபத்தொரு படியையும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவள் தோள் அவ்வளவு கீழே இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கண்டியில் அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வாங்கு. எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். வரிசை நகர நகர எல்லோரும் வாங்கில் ஓர் ஆள் தூரம் அரக்கி உட்காருவோம். காத்திருக்கும் இடமெல்லாம் எனக்கு ஜபம் செய்யும் இடம். அன்று கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடங்கப் பயமாக இருந்தது.

எங்களைப் பார்த்த டொக்டர் இளம்பெண், யாழ்ப்பாணத்தவர். கண்ணில் வெளிச்சம் அடித்தார். கைகளை நீட்டச் சொன்னார். நீட்டிய இரண்டில் வலது கை மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. நான் இறக்கவில்லை.

“தலை எங்கையும் அடிபட்டதோ, ஐயா?”

“இல்லைங்க.”

“விழுந்து கிழுந்து?”

“இல்லைங்க.”

“சரி. இண்டைக்கு என்ன திகதி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு வருடம் திகதியைக் கையால் மாற்றியவனிடம் கேட்கிற கேள்வியா இது? சட்டென்று சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் ராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் சுவரில் இருந்த நாட்காட்டி என் கண்ணில் பட்டது. நான் சொன்னது ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு, முந்திய திகதி.

அந்த நிமிடம்வரை எனக்குப் பயம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த பயத்தைப் போல என் வாழ்வில் முன்பு வந்ததில்லை. கை போனால் இன்னொரு கை இருக்கிறது. நாள் போனால் நான் எங்கே போய் நிற்பது?

“எப்பேர்ந்து இப்பிடி இருக்குது?” என்று டொக்டர் ராணியிடம் கேட்டார்.

“ரெண்டு மூணு நாளாங்க. சரியாத் தெரியலம்மா. ஆனா இவரு எல்லாத்தையும் கொப்புல எழுதுவாரு.” பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தாள். புறப்படும் அவசரத்தில் துவாய், சவர்க்காரத்தோடு அதையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

டொக்டர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். வழுவல் ஒன்பது. வழுவல் ஏழு. ஐந்து, மூன்று, இரண்டு.

“ஆக, புதன்கிழமை துவங்கியிருக்குது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருது. இப்பிடி ஒரு வரலாறை எந்த நோயாளியும் எனக்குத் தந்ததில்லை” என்றவர் மேலும் புரட்டினார். ஓரிடத்தில் நின்று சத்தமாக வாசித்தார்: “‘பொங்கலுக்கு மறுநாள், வெள்ளி. 108. இடையில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். பிராயச்சித்தம் ஒரு சுற்று.’ ஏன் ஐயா கெட்ட வார்த்தை சொன்னனீங்கள்?”

“தலை இடிச்சிருச்சுங்க.”

“எதிலை?”

“சாமித்தட்டுல. விளக்குத் திரி உருண்டு கீழ போயிருச்சு. குனிஞ்சு எடுத்துட்டு எந்திரிக்கும்போது தட்டோட மூலை.”

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். “நான் ரெண்டு தரம் கேட்டனான், ஐயா.”

“அது அடியில்லைங்க. நான் பண்ண தப்பு.”

“மண்டை இடிச்சத எழுதத் தெரியல. கெட்ட வார்த்தைய மட்டும் எழுதத் தெரிஞ்சிச்சு” என்றாள் ராணி. டொக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு உடனடியாக ஸ்கேனுக்கு எழுதினார். முப்பத்தெட்டு நாளுக்கு முந்திய இடி அது. வீங்கக்கூட இல்லை.

ஸ்கேன் என்பது பெரிய வடையைப் போன்ற வட்ட இயந்திரம். அதன் ஓட்டைக்குள் தலையை வைத்துப் படுத்தால் தலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்ததுபோல் படம் எடுக்கிறது. வலியில்லை. பிற்பகல் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே தடித்த உறை ஒன்று இருக்கிறது. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குவதால், உறையையும் மூளையையும் இணைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சின்ன இடியிலும் ஒன்று அறுந்துவிடலாம். இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, கிழமைக்கணக்கில் தேங்கி, மூளையை மெதுவாக அமுக்கும். நெஞ்சுக்காக நான் குடித்துவந்த, இரத்தத்தை உறையவிடாத மாத்திரையும் கசிவுக்கு உதவியிருக்கிறது. தேங்கியது இடது பக்கம். இடது மூளைதான் வலது கையை ஆள்கிறது. படத்தில் என் மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது.

“மண்டையிலை ரெண்டு சின்னத் துளை போட்டு வடிய விடுவினம். பெரும்பாலும் சுகம் வரும்” என்றார் டொக்டர்.

“கை?” என்றேன்.

“பாப்பம்.”

மாலை பார்வையாளர் நேரத்தில் ஒருவர் வந்து தலையை மழித்தார். ராணி ஐந்தரைக்கு இடியப்பப் பார்சலோடு வந்து, என்னைத் தேடி இரண்டு கட்டில் தள்ளிப் போய்த் திரும்பி வந்தாள்.

“கதிர்காமம் போகாமலே மொட்டையா?” என்றாள். சொல்லிவிட்டுச் சேலை நுனியால் என் தலையைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் திகனயில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹனிபா நானா. முஸ்லிம்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். கடையில் ஏணியிலிருந்து விழுந்து தலையில் கட்டுப் போட்டிருந்தார். “பயப்படாதீங்க சேர். எனக்கும் இப்பிடித்தான். நான் ஏணியிலேந்து விழுந்த, நீங்க?” என்று கேட்டார். சாமித்தட்டு என்றேன். “அப்ப உங்கட கேஸ் பெருசு” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ராணி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். முறை வரப் பிற்பகல் ஆகிவிட்டது. தள்ளுவண்டி வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட நினைத்தேன்.

“ராணி, இன்னைக்கி என்னால முடியுமோ என்னமோ. நீ என் பேருல நூத்தெட்டு சொல்லி, கொப்புல எழுதிரு.”

“மண்டையத் தொறக்கப் போறாங்க. இவருக்குக் கொப்பு.”

“முப்பத்தோரு வருசம். ஒருநாள் விட்டதில்ல. உனக்குத் தெரியும்.”

“அந்தக் கணக்குதான் பன்னெண்டு நாளா உங்களக் கொல்லப் பாத்துச்சு. அதுவும் எனக்குத் தெரியும்.”

“எழுதுவியா, மாட்டியா?”

வண்டி வந்தது. அது நகர்ந்த பிறகு பின்னாலிருந்து, “மொதல்ல வாங்க” என்றாள்.

எனக்கு முழு மயக்கம் தரவில்லை. தலையை மட்டும் மரக்கச் செய்து, அரைத் தூக்கத்தில் வைத்தார்கள். முகத்தில் பச்சைத் துணி. அவர்கள் பேசுவது கேட்டது. துளைக்கும் கருவியின் சத்தமும் கேட்டது. வெளியிலிருந்து கேட்கும் சத்தம் அல்ல அது, பல்லுக்குள்ளிருந்து கேட்டது. இந்த ஒரு நேரத்துக்காகத்தான் முப்பது வருடமாகச் சேர்த்து வைத்தேன் என்று எண்ணி மந்திரத்தைத் தொடங்கினேன்.

அது வரவில்லை. ஓம் வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை. பாத்திரத்தின் அடியைச் சுரண்டுவதுபோல் தேடினேன். எதுவும் இல்லை. பதிலாக, கேட்காமலே, தட் என்று ஒரு முத்திரை விழுந்தது. ஹேவாஹெட்ட. தட். தலாத்துஓயா. தட். மடுல்கெல்ல. தட், தட். பழைய கந்தோரில் காலை வெயில் மேசையில் விழுகிறது. நான் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் சிவபாதம். கட்டு குறையவே இல்லை. அவசரமும் இல்லை. ஒவ்வொன்றும் போக வேண்டிய ஊருக்குப் போகிறது. துளைக்கும் சத்தம் நின்றதும் அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அது ஜபமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது எனக்குத் தோல்வியாகவே பட்டது.

இரண்டு நாள் தலையணையில்லாமல் மல்லாந்து படுக்க வேண்டும். தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கட்டிலோரப் பைக்குப் போனது. அதில் எஞ்சின் ஒயிலின் நிறத்தில் பழைய இரத்தம் வடிந்தது. புதன்கிழமை காலை விழித்ததும், எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் தாதியிடம் திகதி கேட்காமல் நானாகச் சொன்னேன். “ஹரி, ஹரி” என்றார் அவர் சிங்களத்தில். சரியாம். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

கை அப்படி உடனே வரவில்லை. வியாழன் குழாயை எடுத்த பிறகு உடற்பயிற்சி கற்பிக்கும் சிங்களப் பெண் வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். என் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, “அங்கிள், இந்தப் பெரிய வெரல், இங்க, இங்க, இங்க, இங்க. எல்லா வெரலும். பத்துத் தரம். ஒவ்வொரு மணிக்கும்” என்று காட்டினார்.

கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது. முப்பத்து மூன்று வருடமாக நான் செய்துவந்ததை எனக்கு வைத்தியமாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

தொடங்கினேன். சுட்டுவிரல் வந்தது. நடுவிரலின் நுனி வந்தது. மோதிர விரலுக்குப் பாதி வழி. சுண்டுவிரல் அடுத்த ஊரில் இருந்தது.

ஹனிபா நானா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்களும் வெரல்லயா எண்ணுற? நாங்களும் வெரல்லதான். தொழுது முடிஞ்சா முப்பத்திமூணு. ஒரு வெரலுக்கு மூணு கணு.” தன் கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரல் கணுக்கணுவாக ஓடியது. நடுவிரலிலும் மூன்று.

“அந்த ரெண்ட நாங்க தொட மாட்டோம்” என்று மேருவைச் சொன்னேன்.

“ஏன்? அது யாருக்கு வெச்சீக்கிங்க?”

“மலை” என்றேன்.

“மலைக்குக் கீழ பொறந்த ஆள் மலைய ஏன் சுத்திப் போறீங்க? அந்த மிஸ் எல்லாக் கணுவும் தொடச் சொன்ன. தொடுங்க. மருந்து.”

தொட்டேன். நடுவிரலின் நடுக்கணு. தவறிப்போய் அல்ல, வேண்டுமென்றே. ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் மரத்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வேலை பங்கிட்டுக்கொண்டோம். நான் விரலை அனுப்புவேன். அவர் தூரம் சொல்வார். “இன்னம் ஒரு நெல்லு. ஆ, அரை நெல்லு. அவசரப்படாதீங்க, சுண்டு வெரல் எங்கயும் போறதில்ல.” சனிக்கிழமை பகல் பார்வையாளர் நேரத்தில் அவருடைய மனைவி வட்டிலப்பம் கொண்டு வந்தபோது, “புள்ள, சேர்ட வெரலப் பாருங்க, நேத்து திகனயில நிண்ட, இண்டைக்குக் கண்டிக்கே வந்திட்ட” என்று அறிமுகம் செய்தார். அன்று மாலை கட்டைவிரல் சுண்டுவிரலின் நுனியைத் தொட்டது. அடிக்கணு இன்னும் எட்டவில்லை. ராணி அதைப் பார்த்துவிட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி என் வலது கையிலேயே கொடுத்தாள். முதல் மிடறுவரை தன் கையைக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தாள்.

இத்தனை நாளும் ஒன்றை நான் கேட்கவில்லை. நாட்குறிப்பு அவளுடைய பையில்தான் இருந்தது. தினமும் கட்டிலோரத்தில் அந்தப் பையைப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை எழுதியிருப்பாளா? நூற்றெட்டு என்று எழுதியிருந்தால் முப்பத்தோரு வருடத் தொடர் அறாது. ஆனால் சொல்லாமல் எழுதியிருந்தால்? என் மனம் நிறையட்டும் என்று எழுதக்கூடியவள்தான். அவள் சொன்னாளா, சும்மா எழுதினாளா என்று சாகும்வரை எனக்குத் தெரியவராது. கேட்காமலிருப்பதே மரியாதை என்று தோன்றியது. கேட்கப் பயம் என்றும் சொல்லலாம்.

அடுத்த திங்கள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹனிபா நானா தன் இடது கையைத் தூக்கி விரலை ஆட்டி விடை தந்தார். தலாத்துஓயாவில் இறங்கி எழுபத்தொரு படியையும் நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினேன். சாமித்தட்டின் மூலையில் ராணி பழைய துவாய் ஒன்றை மடித்துச் சுற்றிக் கட்டியிருந்தாள். முருகன் அதற்கு மேலே, கழுத்துக்குத் துணி சுற்றிய சளிக்காரரைப்போல் இருந்தார்.

“கொப்பு எங்க?” என்றேன்.

“அலுமாரியில. பாத்துட்டு என்னயத் திட்டக் கூடாது.”

“சொன்னியா?”

“உக்காந்தேன். அந்த ஒபரேசன் வாசல்ல, வாங்குல. நீங்க பண்ற மாதிரியே வெரல வெச்சுத்தான் ஆரம்பிச்சேன். ஒரு பத்து, பன்னெண்டு போயிருக்கும். அப்புறம் கதவு தொறக்கிற சத்தம் கேக்கிறப்பல்லாம் எண்ணிக்கை போயிருச்சு. மறுபடி ஒன்னுல இருந்து. மறுபடி ஒன்னு. எத்தன தடவ ஒன்னுன்னு எனக்குத் தெரியாது.” சமையலறைக்குள் போய்விட்டாள். கேத்தலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு சாமித்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து புரட்டினேன். என் பத்தியில் அவளுடைய பெரிய, சாய்ந்த எழுத்து. ஞாயிறு: “சுண்டுவிரல் இரண்டு தரம்.” சனி: “கோப்பை பிடித்தார்.” வெள்ளி: “திகனக்காரரோடு சிரிக்கிறார். தையல் காய்ந்திருக்கு.” வியாழன்: “குழாய் எடுத்தாச்சு.” புதன்: “திகதி சரியாகச் சொன்னாராம். மிஸ் சொன்னா.”

அதற்கு முந்திய பக்கத்தைத் திருப்பக் கை தயங்கியது. வலது கையாலேயே திருப்பினேன்.

“செவ்வாய். இன்று ஜபம் இல்லை. நாலேகாலுக்கு வெளியே கொண்டு வந்தாங்க. ஆள் இருக்கிறார்.”